சீஸ் உருளைக்கிழங்கு: வயிறு கெடாமல் செய்வது எப்படி?

சென்ற மழைக்காலத்தில் ஒரு தாய் தன் பத்து வயது மகனை என்னிடம் அழைத்து வந்தார். "டாக்டர், ஓட்டல்ல தர்ற மாதிரி சீஸ் போட்ட உருளைக்கிழங்கு செஞ்சு குடுத்தேன். விடிய விடிய வாந்தி, வயித்து வலி. சீஸ் கெட்டுப் போச்சோ?" என்றார்.

சீஸ் அன்றுதான் வாங்கியது. மீதமிருந்த பச்சைக் கிழங்கைக் கொண்டுவரச் சொன்னேன். பாதிக்கு மேல் பச்சை நிறம் ஏறி, முளை விட்டிருந்தது! அதன் கசப்பைப் பாலும் சீஸும் மறைத்துவிட்டன.

வெளிச்சத்தில் கிடக்கும் உருளைக்கிழங்கு பச்சையாக மாறும்போது, சோலனின் என்ற நச்சுப்பொருளும் அதில் கூடும். வேகவைத்தாலும் சுட்டாலும் அது முழுமையாகப் போகாது. எனவே நிறைய பச்சை படர்ந்த, கசக்கின்ற கிழங்கைத் தூக்கி எறியுங்கள். கிழங்கை இருட்டான, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

பிறந்த இடம்

இந்தப் பதார்த்தம் பிரான்ஸின் தென்கிழக்கில் உள்ள தோஃபினே பகுதியைச் சேர்ந்தது. 'கிராத்தேன் தோஃபினுவா' என்பது பெயர். 1788-லேயே ஒரு விருந்தில் பரிமாறப்பட்டதாகக் குறிப்பு உண்டு. அந்த ஊர்ப் பழைய முறையில் சீஸே கிடையாது! கிழங்கின் மாவுச்சத்துதான் பாலைக் கெட்டியாக்குகிறது. ஆகவே சீஸை அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை; மேலே தூவினால் போதும்.

இன்னொரு விஷயம். அவர்கள் பாத்திரத்தில் பூண்டைத் தேய்த்து, ஜாதிக்காயும் மிளகும் சேர்க்கிறார்கள். கிழங்கு வகைகள் வாயுவைக் கூட்டும் என்பது சித்த மருத்துவக் கருத்து. வாயுவைக் கண்டிக்க நாம் சேர்ப்பதும் இவற்றைத்தானே!

தேவையான பொருட்கள் (5 பேருக்கு)

உருளைக்கிழங்கு ½ கிலோ, பால் 400 மி.லி., கிரீம் 100 மி.லி., துருவிய சீஸ் 50 கிராம், பூண்டு 2 பல், மிளகுத்தூள் ½ டீஸ்பூன், ஜாதிக்காய்த்தூள் ஒரு சிட்டிகை, வெண்ணெய் 1 டீஸ்பூன், உப்பு சிறிதளவு.

செய்முறை

கிழங்கை முழுசாகக் கழுவித் தோல் சீவி, பஜ்ஜிக்குச் சீவுவது போல மெல்லிய வில்லைகளாக நறுக்குங்கள். நறுக்கிய பிறகு தண்ணீரில் போடக்கூடாது; மாவுச்சத்து கரைந்து போய்விடும், பால் கெட்டியாகாது.

பால், கிரீம், நசுக்கிய பூண்டு, மிளகு, ஜாதிக்காய், உப்பு ஆகியவற்றுடன் வில்லைகளைச் சேர்த்து, சிறுதீயில் பத்து நிமிடம் மெதுவாகக் கிளறுங்கள். பால் கரண்டியில் ஒட்டும் பதம் வந்ததும், வெண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, சீஸ் தூவி, 170 டிகிரி சூட்டில் ஓவனில் 40 நிமிடம் வையுங்கள். கத்தி தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. பத்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறினால்தான் கெட்டியாக நிற்கும்.

ஓவன் இல்லையா? கனமான பாத்திரத்தை மூடி, தோசைக்கல்லின் மேல் வைத்து, குறைந்த தீயில் வேகவிடலாம். மேலே சிவக்காது, ருசி குறையாது.

யாருக்கு, எவ்வளவு?

மெலிந்த, ஓடியாடும் பிள்ளைகளுக்கு இது நல்ல உணவு. சர்க்கரை நோயாளிகள் இரண்டு மூன்று ஸ்பூன் போதும் என்று நிறுத்தி, அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சீஸிலேயே உப்பு இருப்பதால், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தனியாக உப்பு வேண்டாம். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்கவும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், உருளையில் பொட்டாசியம் அதிகம் என்பதால், தங்கள் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

இரவு நேரத்தைவிட மதியமே ஏற்றது. கூடவே வெள்ளரி, தக்காளித் துண்டுகள் இருக்கட்டும்.

அந்தப் பையன் இரண்டு நாளில் தேறிவிட்டான். "இனிமே செய்யவே மாட்டேன் டாக்டர்" என்றார் தாய். "செய்யுங்கம்மா, கிழங்கை மட்டும் பார்த்து வாங்குங்க" என்றேன்.