நோய் தெரியும் முன்னே: வயதுக்கேற்ற உடற்பரிசோதனைகள்

வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொள்ள வருவோர் எங்களிடம் காரணம் கூற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆயினும் பெரும்பாலோர் கூறிவிடுகின்றனர். மகளின் திருமணம், மகனின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக்கு முன்பணம் என்று சொல்லும்போது குரலில் சிறு பெருமிதம் இருக்கும். மருத்துவமனை என்று சொல்வோரின் குரல் வேறு.

தென்கொல்கத்தாவில், லேக் மார்க்கெட்டுக்கு அருகிலுள்ள எங்கள் கிளைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் தமிழ் அம்மையார் ஒருவர் மூன்று வைப்பு ரசீதுகளுடன் வந்தார். கணவருக்கு வயது 51. தனியார் நிறுவனத்தில் கணக்கர். இரு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரத்திற்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டிய நிலை. பல ஆண்டுகளாகக் கவனிக்கப்படாத உயர் இரத்த அழுத்தமே காரணம் என்று மருத்துவர்கள் கூறினராம். "தலைவலி, மயக்கம் என்று ஒருநாளும் படுத்ததில்லை சார். அதனால்தான் டாக்டரிடம் போகவே இல்லை" என்றார் அம்மையார். விதிப்படி அபராத வட்டியைக் கழித்துக்கொண்டு மூன்று ரசீதுகளையும் முடித்துக் கொடுத்தோம். அன்று மாலை எங்கள் கிளையில் பேச்சு இதைப் பற்றியே இருந்தது. எங்களுள் எத்தனை பேர் கடந்த ஓராண்டில் இரத்த அழுத்தம் பார்த்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தோம். ஒன்பது பேரில் இருவர்.

அம்மையார் சொன்னதில் உள்ள தர்க்கம் நம் எல்லோருக்கும் உரியது. வலித்தால் மருத்துவரிடம் செல்வது; வலிக்காவிட்டால் நலமாக இருக்கிறோம் என்று கொள்வது. ஆனால் உயர் இரத்த அழுத்தம் வலிப்பதில்லை. தொடக்கநிலை நீரிழிவு வலிப்பதில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களும் வலிப்பதில்லை. அறிகுறி ஏதுமில்லாத ஒருவரிடம் நோயின் தொடக்கத்தைத் தேடுவதையே முன்தடுப்புப் பரிசோதனை என்கிறோம். நோயுற்றவருக்கு என்ன நோய் என்று கண்டறியும் சோதனையிலிருந்து இது வேறுபட்டது. வங்கி மொழியில் சொன்னால், பணம் காணாமற்போன பின் நடக்கும் விசாரணை ஒன்று. ஆண்டுதோறும் நடக்கும் தணிக்கை மற்றொன்று.

இருபது வயதைக் கடந்தவர்களிடமிருந்து தொடங்குவோம். இவ்வயதில் தேவைப்படுபவை மிகச் சில. அவற்றுள் முதன்மையானது இரத்த அழுத்தம். கையில் பட்டை கட்டி, நாடியின் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் 1905இல் வெளியிட்டார். அதைவிட மலிவான பரிசோதனை இன்றும் அரிது. எனினும் அதைத் தவறாகச் செய்வது மிக எளிது. மாடிப்படி ஏறி வந்தவுடன் அளக்கக் கூடாது. அளப்பதற்கு அரை மணிக்கு முன்பிருந்தே தேநீர், காப்பி, புகை மூன்றையும் தவிர்த்து, ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து அமர்ந்து, கையை இதயத்தின் மட்டத்தில் வைத்து, பேசாமல் இருத்தல் வேண்டும். வெவ்வேறு நாள்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் வருமாயின் மருத்துவரைக் காண வேண்டும். ஒரே ஒரு நாள் அளவைக் கொண்டு அஞ்சவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

வங்காளத்தில் வாழும் இளைஞர்களுக்கு இரண்டாவதாக ஒன்று உண்டு: தலசீமியா பரிசோதனை. இரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபின் உற்பத்தியில் ஏற்படும் மரபுவழிக் குறைபாடு இது. இந்நோய்க்கான மரபணுவை ஒரு பிரதி மட்டும் கொண்டவர் முழு நலத்துடன் இருப்பார். அவருக்கே அது தெரியாது. அத்தகைய இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தைக்குக் கடும் தலசீமியா வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அக்குழந்தை சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டே வாழ வேண்டியிருக்கும். வங்காளத்தில் ஹீமோகுளோபின் ஈ என்னும் மற்றொரு மாற்றமும் பரவலாக உள்ளது. பெற்றோரில் ஒருவரிடம் அதுவும் மற்றவரிடம் பீட்டா தலசீமியாவும் இருந்தாலும் பிள்ளை நோயுறக்கூடும். மேற்கு வங்க அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கெனத் தலசீமியா கட்டுப்பாட்டுப் பிரிவுகள் இயங்குகின்றன. வாழ்நாளில் ஒருமுறை செய்தாற் போதும். ஜாதகப் பொருத்தம் பார்க்கும் வீடுகளில் இந்த ஒரு தாளையும் சேர்த்துப் பார்க்கலாம் என்பது எங்கள் கருத்து. ஆனால் அதைப் பெண்வீட்டாரிடம் மட்டும் கேட்பது முறையன்று. இருவரும் எடுத்தால்தான் அப்பரிசோதனைக்குப் பொருளே உண்டு.

முப்பதைத் தொடுவோர் பட்டியல் சற்று நீளும். தொற்றா நோய்களுக்கான நடுவணரசின் தேசியத் திட்டம், 30 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை ஐந்து நோய்களுக்காகப் பரிசோதிக்கிறது: உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய், கருப்பைவாய்ப் புற்றுநோய். அரசு நலவாழ்வு மையங்களில் இவற்றுக்குக் கட்டணம் இல்லை. புகையிலை, பான், குட்கா பழக்கமுள்ளவர்கள் வாய்ப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறந்து காட்டுவதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்தக் கதையில் கொல்கத்தாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. இரீன் ஜோலியோ-கியூரி அம்மையார் 1950ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் திறந்துவைத்த சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனை, இன்று சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனமாக ஹாஜ்ராவிலும் ராஜர்ஹாட்டிலும் இயங்குகிறது. செல்களைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் சோதனைக்கு ஆய்வகமும் பயிற்சி பெற்ற கண்களும் வேண்டும். நம் நாட்டுச் சிற்றூர்களில் இரண்டும் அரிது. அதனால் வேறோர் எளிய முறை ஆராயப்பட்டது. நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது வீட்டுக் காடியை ஒத்த கரைசலை, கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறுபட்ட திசுக்கள் வெண்மையாகத் தெரியும். இம்முறை எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வின் மையங்களுள் கொல்கத்தாவும் ஒன்று.

உயிர் காக்குமா என்ற கேள்விக்கு விடை திண்டுக்கல் மாவட்டத்தில் கிடைத்தது. 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வாய்வில், பரிசோதனைக்கு உரிய ஊர்களில் இருந்த 49,311 பெண்களில் 31,343 பேர் பரிசோதித்துக்கொண்டனர். பயிற்சி பெற்ற செவிலியரே பரிசோதனையை நடத்தினர். பரிசோதனை இல்லாத ஊர்களோடு ஒப்பிட, இந்த ஊர்களில் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. முடிவுகள் 2007இல் 'லான்செட்' இதழில் வெளியாயின. அவ்வூர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வராமலே இருந்தும் இவ்வளவு பயன். இன்று மருத்துவர்கள் ஹெச்பிவி வைரஸ் சோதனையை இன்னும் மேலானதாகக் கருதுகின்றனர். எந்த முறை என்பது மருத்துவர் சொல்லட்டும். கூச்சத்தால் தள்ளிப்போடுவதுதான் எங்கள் வீடுகளிலும் நடப்பது. அம்மாவோ அண்ணியோ உடன் சென்றால் அக்கூச்சம் பாதி குறைகிறது என்பதைக் கண்டிருக்கிறோம்.

நாற்பதைக் கடந்தோரின் பெருங்கவலை நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நாடு தழுவிய ஆய்வு, 2023இல் வெளியான கணக்கின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவும், ஏறத்தாழ 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாகக் கூறுகிறது. இதை முன்னுணரச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2005இல் ஓர் எளிய மதிப்பெண் முறையை வகுத்தனர். ஊசி வேண்டாம், அளவு நாடா போதும். வயது 35க்குக் கீழ் என்றால் சுழி, 35 முதல் 49 வரை 20, அதற்கு மேல் 30. ஆணின் இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தொட்டால் 10, 100ஐத் தொட்டால் 20. பெண்ணுக்கு இவ்வெல்லைகள் 80, 90. உடற்பயிற்சியும் இல்லை, வேலையும் உட்கார்ந்தே என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டுத்தொகை 60ஐத் தொட்டால் இடர் மிகுதி. இரத்தப் பரிசோதனை கட்டாயம்.

எங்களையே கணக்கில் வைத்துப் பார்த்தோம். நாற்பத்தைந்து வயது, நாள் முழுதும் நாற்காலி, 94 சென்டிமீட்டர் இடுப்பு, நீரிழிவுள்ள தந்தை: 20, 30, 10, 10. மொத்தம் 70. கடன் விண்ணப்பதாரர்களின் மதிப்பெண்ணைப் பார்த்துத் தலையசைக்கும் நமக்கு, நம் மதிப்பெண் இவ்வாறு வந்தது நகைப்புக்குரியதாகவே இருந்தது. வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 126 மில்லிகிராமை எட்டினால் நீரிழிவு. 100 முதல் 125 வரை முந்தைய நிலை. இந்நிலையில் நடையாலும் உணவாலும் பலர் நோயைத் தள்ளிப்போட முடிகிறது. நீரிழிவு உறுதியானவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையையும், சிறுநீரில் ஆல்புமினையும், பாதங்களையும் காட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கொழுப்பின் அளவும் இவ்வயதிலிருந்து தவறாமல் பார்க்க வேண்டியதே.

ஐம்பதுக்குப் பின் பெருங்குடல் பற்றியும், பெண்களாயின் மேமோகிராம் பற்றியும் மருத்துவரிடம் பேச வேண்டும். குடும்பத்தில் எவருக்கேனும் இப்புற்றுநோய்கள் இளவயதில் வந்திருந்தால் இன்னும் முன்னதாகவே. அறுபதுக்குப் பின் கண்ணழுத்தம், செவித்திறன், எலும்பின் உறுதி ஆகியவை சேரும். கையெழுத்துப் பொருந்தவில்லை என்று நாங்கள் காசோலையைத் திருப்பும் முதியவர்களில் சிலருக்குக் கை நடுக்கம்; சிலருக்குக் கண்புரை.

இனி, மிகையைப் பற்றி. "எண்பது சோதனைகள், ஒரே விலை" என்ற விளம்பரங்கள் நாளிதழ்தோறும் வருகின்றன. சோதனை கூடக்கூட நன்மை கூடும் என்பது உண்மையன்று. தென்கொரியாவில் நலமாயிருந்தோருக்கும் கழுத்தில் அல்ட்ராசவுண்ட் எடுப்பது வழக்கமாகியது. 1993க்கும் 2011க்கும் இடையே அங்கே கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் 15 மடங்கு பெருகியது. ஆனால் அதனால் இறந்தோர் தொகை மாறவில்லை. ஒருபோதும் தீங்கு செய்திராத சிறு கட்டிகளுக்காகப் பல்லாயிரவர் தைராய்டு சுரப்பியை இழந்து, வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ண நேர்ந்தது. ஆகவே பட்டியலை ஆய்வகத்தார் தீர்மானிக்க விடாமல், நம் வயதும் குடும்ப வரலாறும் அறிந்த ஒரு மருத்துவரிடம் கேட்டுத் தீர்மானிப்பது நலம்.

செலவைப் பற்றி வாடிக்கையாளர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவு, முன்தடுப்புப் பரிசோதனைக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை கழிவு அளித்தது. இது மருத்துவக் காப்பீட்டுக்கான 25,000 ரூபாய் வரம்புக்கு உட்பட்டதே, அதற்கு மேற்பட்டதன்று. காப்பீட்டுக் கட்டணம் 22,000 ரூபாய் செலுத்தியவர், பரிசோதனைக்கு 5,000 ரூபாய் செலவிட்டாலும் 3,000 ரூபாயையே கோர முடியும். காப்பீட்டுக் கட்டணத்தை ரொக்கமாகச் செலுத்தினால் கழிவில்லை; பரிசோதனைக் கட்டணத்துக்கு மட்டும் ரொக்கம் ஏற்கப்படும். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இக்கழிவு கிடையாது. பல காப்பீட்டுத் திட்டங்களில் இலவசப் பரிசோதனை ஒன்றும் அடங்கியிருக்கும். பத்திரத்தைப் பிரித்துப் படிக்காததால் அதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை.

முடிவுத்தாள்களை ஒரே கோப்பில் ஆண்டு வரிசையில் வைப்பது நன்று. கிரியாட்டினின் 0.8இலிருந்து 1.2க்கு நகர்ந்திருப்பதைத் தனித்தாள் ஒன்று காட்டாது. மூன்றாண்டுத் தாள்களை அருகருகே வைத்தால் தெரியும். பரிசோதனைக்கென ஆண்டில் ஒரு மாதத்தைக் குறித்துக்கொள்ளலாம். எங்கள் ஓய்வூதியர்கள் சிலர், வாழ்நாள் சான்றிதழ் தர வரும் நவம்பர் மாதத்தையே அதற்கும் வைத்துக்கொண்டுள்ளனர். பூஜை விடுமுறையில் உண்ட இனிப்பு கணக்கில் ஏறிவிடுமே என்று ஒரு பெரியவர் எங்களிடம் கவலைப்பட்டார். ஏறத்தான் செய்யும்; ஹெச்பிஏ1சி என்னும் சோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. மருத்துவரும் அதைத்தான் பார்க்க விரும்புகிறார்.