கப்பலும் கயிறும்

பாய்மரக் கப்பல் என்றவுடன் நம் உள்ளத்தில் முதலில் தோன்றுவது காற்று நிறைந்த வெண்மையான பாயே ஆகும். அதனை அடுத்து, உயர்ந்து நிற்கும் பாய்மரமும், அலையைக் கிழித்துச் செல்லும் அணியமும் நினைவுக்கு வரும். கயிற்றை நினைப்பவர் மிகச் சிலரே. ஆயினும், கயிறு இல்லையேல் பாய் வெறுந்துணியே; பாய்மரமும் பெருங்காற்றில் முறிந்து வீழும். கப்பலின் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு தொழில் உண்டு. ஒரு பெயரும் உண்டு. பாயைத் தாங்கும் குறுக்கு மரத்தைப் பருமல் என்றும், பாயின் கீழ்மூலையைப் பிடித்து இழுக்கும் கயிற்றைத் தாமான் என்றும், கப்பலைக் கட்டும் பெருங்கயிற்றை ஆலாத்து என்றும் தமிழ்க் கடலோடிகள் வழங்கினர். பாய்மரத்துக்குக் கூம்பு என்னும் பழம்பெயர் சங்க நூல்களில் பயின்று வருகின்றது.

கயிற்றின் சிறப்பை அறிவதற்குப் புதுச்சேரிக் கடற்கரை ஏற்ற இடமாகும். பழைய புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. பெருங்கப்பல்கள் கரையை அணுக முடியாமல், கடலில் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை 1736ஆம் ஆண்டு முதல் 1761ஆம் ஆண்டு வரை எழுதிய நாட்குறிப்பில், கப்பல்கள் வந்த செய்தியும் பீரங்கி முழங்கிய செய்தியும் பலகாலும் வருகின்றன. அக்கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே சரக்கையும் மக்களையும் ஏற்றிச் சென்றவை சலங்கு என்னும் படகுகள்.

சலங்கின் அமைப்பு வியக்கத்தக்கது. அதன் பலகைகள் ஆணியால் அறையப்பட்டவை அல்ல. தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்டவை. பலகைகள் பொருந்தும் இடைவெளியில் நாரை வைத்து அடைத்து, அதன்மேல் கயிற்றை இழுத்துத் தைத்தனர். இக்கரையில் அலைகள் அடுத்தடுத்து மடிந்து விழும். அவ்வலை படகைத் தூக்கி மணலில் மோதும்பொழுது, ஆணி அறைந்த விறைப்பான படகு பிளந்துவிடும். தைத்த படகோ சற்று வளைந்து கொடுத்துத் தப்பும். மீனவரின் கட்டுமரமும் அத்தகையதே. மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியதனால் அதற்கு அப்பெயர் வந்தது. அத்தமிழ்ச் சொல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சென்று வழங்குகின்றது. எனவே, கயிற்றின் துணைகொண்டே கடலை வென்றவர் இக்கரையினர் எனலாம்.

காலம் மாறியது. 1866ஆம் ஆண்டில் புதுச்சேரியில் கடலுக்குள் நீண்ட இறங்குபாலம் ஒன்று அமைந்தது. 1952ஆம் ஆண்டுப் புயலில் அது சிதைந்தது. நீராவிக் கப்பல் பெருகப் பெருகப் பாய்க்கப்பல் அருகியது. சலங்குக்கும் வேலை குறைந்தது. ஒரு கலம் மறையும்பொழுது அதன் மரம் மட்டும் மறைவதில்லை. எந்தக் கயிற்றை எங்கே கட்டுவது, எப்பொழுது தளர்த்துவது, எவ்வளவு இழுப்பது என்னும் அறிவும் உடன் மறைகின்றது. அவ்வறிவு பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படவில்லை. கடலோடிகளின் கைகளில் இருந்தது. இரண்டு பாய்மரம் உடைய கப்பலின் உருவம் பொறித்த சாதவாகனர் காசுகள் சோழமண்டலக் கரையில் கிடைத்துள்ளன. அக்காலத்துக் கப்பலுக்கு இரண்டு பாய்மரம் இருந்தது என்பதை அவை நமக்கு உணர்த்தும். ஆனால் எந்தக் கயிறு எதனை இழுத்தது என்பதை அத்துணைச் சிறிய காசு எங்ஙனம் உரைக்கும்?

இக்குறையை உணர்ந்து அரும்பணி ஆற்றியவர் எட்மோன் பாரீ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஆவார். அவர் 1806ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையிலேயே கடற்படையில் சேர்ந்து மும்முறை உலகைச் சுற்றி வந்தார். இரண்டாம் பயணத்தில் அவர் ஏறிச் சென்ற ‘ஃபேவரிட்’ என்னும் கப்பல் 1830ஆம் ஆண்டில் சோழமண்டலக் கரைக்கு வந்து புதுச்சேரியில் தங்கியது. சென்ற இடமெல்லாம் அவர் அவ்வவ்விடத்துப் படகுகளைக் கண்டு, அளந்து, வரைந்துகொண்டார். சீனத்துக் கப்பலும், பசிபிக் தீவினரின் ஓடமும், சோழமண்டலக் கரையின் தோணியும் கட்டுமரமும் அவர் கண்ணுக்கு ஒன்றுபோல் மதிப்புடையனவாகவே தோன்றின. வெறும் அழகுக்காக அவர் வரையவில்லை. பலகையின் நீளம், மரத்தின் உயரம், பாயின் வடிவம் ஆகியவற்றை அளவோடு குறித்தார். அப்படத்தைக் கொண்டே ஒருவர் மீண்டும் அக்கலத்தைச் செய்யுமாறு அமைத்தார்.

மூன்றாவது உலகப் பயணம் 1837ஆம் ஆண்டில் ‘ஆர்த்தெமீஸ்’ என்னும் கப்பலில் தொடங்கியது. அப்பயணத்தின் இடையே நேர்ந்த விபத்தொன்றில் அவர் தம் இடக்கையை இழந்தார். வேறொருவராயின் அளவுகோலையும் எழுதுகோலையும் கீழே வைத்திருப்பர். அவரோ வைக்கவில்லை. ஐரோப்பியர் அல்லாத மக்களின் கலங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1840களின் தொடக்கத்தில் வெளிவந்தது. பிற்காலத்தில் அவர் கடற்படைத் தளபதி ஆனார். 1871ஆம் ஆண்டு முதல் 1893ஆம் ஆண்டில் மறையும் வரை, பாரிசு நகரத்தின் லூவர் மாளிகையில் அந்நாளில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் தலைவராக விளங்கினார். தாம் வரைந்த படங்களைக் கொண்டு பல நாட்டுக் கலங்களின் சிறிய மாதிரிகளை அங்கே செய்வித்தார். படம் ஒரு பக்கத்தையே காட்டும்; மாதிரியோ சுற்றிலும் காட்டும். கயிறு எங்கே தொடங்கி எவ்வழியே சென்று எங்கே முடிகின்றது என்பதை மாதிரியில் விரலால் தொடர்ந்து காணலாம். மாதிரிக் கப்பல் வீட்டை அணிசெய்யும் பொம்மை மட்டும் அன்று, அறிவைக் காக்கும் கருவியும் ஆகும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

அருங்காட்சியகத்தில் மட்டும் இருந்த இக்கலை பின்னர்ப் பள்ளிச் சிறுவர் கையிலும் வந்து சேர்ந்தது. 1952ஆம் ஆண்டில் ‘ஏர்ஃபிக்ஸ்’ என்னும் ஆங்கில நிறுவனம், டிரேக் என்பவர் உலகைச் சுற்றிய ‘கோல்டன் ஹைண்ட்’ கப்பலின் மாதிரியைப் பிளாஸ்டிக் துண்டுகளாக வார்த்து விற்றது. பிரான்சு நாட்டில் 1957ஆம் ஆண்டில் தோன்றிய ‘ஹெல்லர்’ நிறுவனம், பதினான்காம் லூயி மன்னரின் ‘சொலேய் ருவாயால்’ என்னும் போர்க்கப்பலைப் பின்னர் அவ்வாறே வார்த்தது. கப்பலின் உடல் வார்ப்பில் முழுமையாக வந்துவிடும். துண்டுகளைப் பசையால் ஒட்டினால் போதும். ஆனால் கயிறுகளைக் கையால்தான் கட்டவேண்டும். எந்திரம் செய்யும் வேலை முடிந்த இடத்தில் மனிதனின் பொறுமை செய்யும் வேலை தொடங்குகின்றது.

கப்பற் கயிறுகள் இருவகைப்படும். பாய்மரத்தை அசையாது நிறுத்துபவை தாங்குகயிறுகள். பாயையும் பருமலையும் ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் உதவுபவை இயக்குகயிறுகள். தாங்குகயிறு எப்பொழுதும் வெயிலிலும் மழையிலும் நிற்பதாதலின் அதற்குக் கீல் பூசுவர். அதனால் அது கருநிறம் பெறும். இயக்குகயிறு கப்பிகளின் வழியே ஓடவேண்டுவதாதலின், சணலின் இயற்கை நிறத்திலேயே இருக்கும். ஆகவே மாதிரியில் முன்னதற்குக் கரிய நூலும் பின்னதற்குப் பழுப்பு நூலும் கொள்ளுதல் மரபு. நூலைத் தேன்மெழுகின்மேல் இழுத்தால் அதன் பிசிர் அடங்கி மெய்யான கயிறுபோல் தோன்றும்.

கட்டும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தாங்குகயிறுகளை முதலிலும் இயக்குகயிறுகளைப் பின்னும் கட்டவேண்டும். கீழிருந்து மேலாகவும், நடுவிலிருந்து வெளிப்புறமாகவும் செல்லவேண்டும். வெளிக்கயிற்றை முதலில் கட்டிவிட்டால், உள்ளே விரல் நுழைய இடம் இராது. பாய்மரத்தின் இருபுறமும் தாங்குகயிறுகளைக் கட்டும்பொழுது, வலப்பக்கம் ஓர் இணை, இடப்பக்கம் ஓர் இணை என மாறிமாறிக் கட்டுதல் இன்றியமையாதது. ஒரு பக்கத்தை முழுதும் கட்டிய பின்னரே மறுபக்கம் சென்றால், பாய்மரம் முதற்பக்கமே சாய்ந்துவிடும். பெருங்கப்பலிலும் கடலோடிகள் இம்முறையையே கைக்கொண்டனர். காற்றைத் தாங்கும் பாய்மரம் நேராக நிற்பது, இருபுறத்துக் கயிறுகளும் ஒத்த அளவில் இழுப்பதனாலேயே ஆகும்.

பிளாஸ்டிக் பாய்மரம் மெலிந்தது; எளிதில் வளையும். அதன் உள்ளே உலோகக் கம்பியைச் செருகி வலுவூட்டுதல் நலம். நூலையும் அளவு கடந்து இழுத்தல் ஆகாது. பருத்தி நூல் போன்ற இயற்கை இழைகளால் முறுக்கிய கயிறு, ஈரம் பட்டால் சுருங்கும், உலர்ந்தால் தளரும். புதுச்சேரி போன்ற கடற்கரை ஊரில் கோடையில் விறைப்பாக இழுத்துக் கட்டிய நூல், ஐப்பசி மழையின் ஈரக்காற்றில் மேலும் இறுகிப் பாய்மரத்தை வளைக்கக்கூடும். நனைந்த கயிற்றைத் தளர்த்தி, உலர்ந்த கயிற்றை இறுக்கி வந்த கடலோடிகளின் அனுபவத்தை, இச்சிறு நூல் வீட்டில் இருந்தபடியே கற்பிக்கின்றது.

யாவற்றினும் பொறுமையைச் சோதிப்பது நூலேணியாகும். தாங்குகயிறுகளின் குறுக்கே படிபடியாகக் கயிறு கட்டி, அதன்மீது கால் வைத்துக் கடலோடிகள் மேலேறுவர். உண்மைக் கப்பலில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே ஏறத்தாழ 38 செ.மீ. இருக்கும். நூறில் ஒரு பங்காகச் செய்யும் மாதிரியில் அது 4 மில்லிமீட்டருக்கும் குறைவாகும். ஒரு பக்கத்தில் 8 தாங்குகயிறும் 30 படியும் இருப்பின், 240 முடிச்சுகள் இடவேண்டும். இருபுறமும் சேர்ந்தால் 480. அது ஒரு பாய்மரத்துக்கு மட்டும். விரைந்து செய்பவர் படிகளைத் தாறுமாறாகக் கட்டுவர். அறிந்து செய்பவர், இருளிலும் புயலிலும் இப்படியை நம்பியே ஒருவன் கால் வைத்தான் என்பதை எண்ணி, ஒவ்வொன்றையும் ஒத்த இடைவெளியில் கட்டுவர்.

இக்கலையில் தேர்ச்சி பெறும் மாணவர், பிறநாட்டுக் கப்பலின் மாதிரியோடு நின்றுவிட வேண்டுவதில்லை. சலங்கிற்கும் தோணிக்கும் பெட்டியில் அடைத்த வார்ப்புகள் கிடைப்பது அரிது. ஆயினும் மெல்லிய பலகையும், நாரும், நூலும் கொண்டு அவற்றைச் செய்துவிடலாம். கடற்கரை ஊர்களில் கயிறு முறுக்கவும், வலை பின்னவும், கட்டுமரம் பிணிக்கவும் அறிந்த முதியோர் இருப்பர். அவர்களை அணுகி, ஒவ்வொரு முடிச்சின் பெயரையும் பயனையும் கேட்டு எழுதிக்கொள்ளுதல் முதல் வேலையாகும். தொலைவிலிருந்து வந்த ஒருவர் நம் கரையின் கலங்களை அளந்து போற்றினார். இக்கரையிலேயே பிறந்தவர்க்கு அக்கடமை இன்னும் பெரிது அன்றோ?