நாசிலும் காகிதக் கப்பும்: மளிகைக் கடைக்காரர் அறிய வேண்டியவை



நமது உத்திரமேரூர் வட்டாரத்தில் கேக் என்றால் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் சரக்கு என்றுதான் நெடுநாள் இருந்தது. 2020-ஆம் ஆண்டுப் பொது முடக்கத்தின்போது வீட்டிலேயே கேக் செய்யும் பழக்கம் பரவியது. பொழுதுபோக்காகத் தொடங்கியவர்களில் பலர் இப்போது அதையே சிறு தொழிலாகச் செய்கிறார்கள். சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர்ப் பக்கத்திலிருந்து மைதா வாங்க வரும் பெண்கள், "நாசில் இருக்குதா, கப் கேக் கப் இருக்குதா?" என்று கேட்கிறார்கள். காகிதக் கிண்ணத்தில் தனித்தனியாக வேகவைத்து, மேலே கிரீமைப் பூப்போலப் பிழிந்து அலங்கரிக்கும் சிறு கேக்குக்குத்தான் கப் கேக் என்று பெயர். கிரீம் பிழியும் உலோக அச்சு நாசில்.

"அதெல்லாம் நம்மிடம் இல்லை அம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவர்கள் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ பஸ் ஏறுகிறார்கள். இல்லையேல் கைபேசியில் வரவழைத்துக் கொள்கிறார்கள். போகிறவர்கள் கப்பை மட்டும் வாங்குவதில்லை. ஒரு கணக்குப் பார்ப்போம்.

நடுத்தர அளவுக் கப் ஒன்றுக்குச் சுமார் 50 கிராம் மாவுக் கலவை பிடிக்கும். 100 கப்புக்கு 5 கிலோ. மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை நான்கும் சம எடை என்ற பழைய கணக்கில் செய்தால், மைதா 1¼ கிலோ, சர்க்கரை 1¼ கிலோ, வெண்ணெய் 1¼ கிலோ, முட்டை ஏறத்தாழ 25. மேலே பிழிய கப்புக்கு 30 கிராம் வீதம் 3 கிலோ கிரீம். எசென்ஸ், பேக்கிங் பவுடர், அட்டைப் பெட்டி தனி. நூறு கப்பில் நமக்குக் கிடைக்கும் லாபம் அற்பம்தான். ஆனால் அந்தக் கப் இருக்கிற கடையில்தான் மற்றச் சரக்கும் வாங்கப்படும்.

அப்படியானால் கிடைத்த கப்பை வாங்கி அடுக்கிவிடலாமா? கூடாது. இதில் நாங்கள் பட்ட அனுபவத்தைச் சொல்லிவிடுகிறோம்.

முதன்முதலில் கொள்முதல் செய்தபோது, வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் காட்டிய வண்ணக் கப்புகளைப் பார்த்தோம். "அவனில் வைக்கலாமா?" என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒரே கப்தான்" என்றார். விலை மலிவு, வாங்கிவிட்டோம். உண்மையில் அவை லட்டு, பர்பி வைத்துக் கொடுக்கும் இனிப்புக் கப்புகள். நமது வாடிக்கையாளர் அம்மா ஒருவர், பக்கத்து ஊர்ப் பிறந்தநாள் விழாவுக்கு 60 கப் கேக் ஒப்புக்கொண்டு அவற்றை வாங்கிப் போனார். மறுநாள் காலையில் நான்கைந்து கேக்கைத் தட்டில் எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். கப்பின் சுவர் விரிந்து கேக் தட்டையாகிக் கிடந்தது. அடியில் வெண்ணெய் கசிந்திருந்தது. சிவப்புச் சாயம் கேக்கின் ஓரத்தில் ஏறியிருந்தது. "சாயத்தைக் குழந்தைகளுக்கு எப்படி ஐயா கொடுப்பது? உங்க கடைச் சரக்குன்னு நம்பித்தானே வாங்கினேன்" என்றார். நாங்கள் கப்பின் காசோடு மைதா, வெண்ணெய்க் காசையும் கொடுத்தோம். அவர் கப் காசை மட்டும் எடுத்துக்கொண்டார். அதன்பின் வெகுநாள் நமது கடைப்பக்கம் வரவில்லை. மாதாமாதம் வாங்கும் வீட்டு மளிகையும் அவரோடு போயிற்று.

அந்த நட்டத்திலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் பாடமாக இங்கே எழுதுகிறோம்.

கப் என்ன வேலை செய்கிறது?

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து ஊற்றி வேகவைப்பது நமக்குத் தெரிந்ததே. மாவு குடலையில் ஒட்டாமல் இலை காக்கிறது. வெந்த இட்லியை வடிவம் குலையாமல் எடுக்கவும் உதவுகிறது. கேக் கப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் இட்லி நீராவியில், ஏறத்தாழ 100 டிகிரியில் வேகிறது. கேக் 170, 180 டிகிரி உலர்ந்த சூட்டில் வேகிறது. அந்தச் சூட்டையும் வெண்ணெயையும் தாங்கும் காகிதம் வேண்டும். இனிப்புக் கப் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதுதான் ஆபத்து.

கப்பின் அளவு

கப்பை அடி அகலம், சுவர் உயரம் என்ற இரண்டு அளவால் கேட்டு வாங்க வேண்டும். நடுத்தரக் கப்பின் அடி சுமார் 50 மில்லிமீட்டர், சுவர் சுமார் 32 மில்லிமீட்டர். சிறு கப்பின் அடி சுமார் 32 மில்லிமீட்டர். சில வியாபாரிகள் விரித்த காகிதத்தின் அளவைச் சொல்வார்கள். அப்போது குழம்ப வேண்டாம். அடியோடு இரண்டு சுவரைக் கூட்டினால் விரித்த அளவு வந்துவிடும்: 50 + 32 + 32 = 114 மில்லிமீட்டர். ஒரு கப்பை மேசையில் அழுத்தி விரித்து ஸ்கேலால் அளந்தால் உண்மை தெரியும்.

வாடிக்கையாளரிடம் ஒரு கேள்வி அவசியம் கேட்க வேண்டும்: "குழித்தட்டு வைத்திருக்கிறீர்களா?" மெல்லிய மடிப்புக் கப் தனியாக நிற்காது, குழித்தட்டின் குழிக்குள் உட்கார்ந்தால்தான் வடிவம் நிற்கும். நமது கிராமங்களில் பலர் குக்கரிலோ, மணலோ உப்போ கொட்டிய வாணலியிலோ கேக் செய்கிறார்கள். குழித்தட்டு அதற்குள் நுழையாது. அவர்களுக்கு விளிம்பு சுருட்டிய கெட்டிக் கப்பைக் கொடுக்க வேண்டும். அது தானே நிற்கும். மெல்லிய கப்தான் கையிருப்பில் இருக்கிறதென்றால், சிறு எவர்சில்வர் கிண்ணத்துக்குள் வைத்துச் செய்யச் சொல்லலாம். இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் பாதிக் குறைகள் வராது.

கப்பைச் சோதிக்கும் முறை

எண்ணெய்ச் சோதனை: வெள்ளைத் தாளின் மேல் கப்பை வைத்து, வெதுவெதுப்பான எண்ணெய் ஒரு சிறு கரண்டி ஊற்றிக் கால்மணி நேரம் விட வேண்டும். தாளில் கறை படிந்தால் அந்தக் கப் வேண்டாம்.

சாயச் சோதனை: ஈரமான வெள்ளைத் துணியால் உட்புறத்தைத் தேய்க்க வேண்டும். துணியில் நிறம் ஏறினால் கேக்கிலும் ஏறும்.

சூட்டுச் சோதனை: வெறும் கப்பை 180 டிகிரி அவனில் 20 நிமிடம் வைக்க வேண்டும். மெழுகு வாடை வந்தாலோ, பிசுபிசுத்தாலோ, சுருங்கினாலோ திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

எண்ணிக்கை: 20 கப்பை எண்ணி எடை போட்டு, பிறகு முழுக் கட்டையும் எடை போட்டால், 100 என்று அச்சிட்டதில் எத்தனை இருக்கிறது என்பது தெரிந்துவிடும். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், எண்ணிக்கை, அதிகபட்ச விலை, மாதம், ஆண்டு இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். பொட்டலச் சரக்கு விதிகளின்படி அவை இருக்க வேண்டும். சோதனை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான்.

நிறம் பற்றி ஒரு சொல். வெளிர் நிறக் கப்பில் சாக்லேட் கேக் வெந்தால் நிறம் மங்கி, கேக்கின் பழுப்பே வெளியே தெரியும். இது கப்பின் குறையல்ல. சாக்லேட் கேக்குக்கு அடர் நிறமோ, வெளியே அலுமினியத் தாள் ஒட்டியதோ கொடுக்கலாம். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி தங்கிக் கப் கேக்கை விட்டுப் பிரியும். "நன்றாக ஆறவிட்டு அடையுங்கள்" என்று சொல்லிக் கொடுத்தால் சரக்கு திரும்பி வராது.

நாசில் என்பது நமது அச்சுதான்

நாசில் பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். முறுக்குப் பிழிந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. தூத்துக்குடி மக்ரூனும், அடித்த முட்டை வெள்ளைக்கருவில் சர்க்கரையும் முந்திரியும் கலந்து கூம்பிலிருந்து பிழிந்து எடுப்பதுதான். மருதாணிக் கோன் பிடிக்கத் தெரிந்த பெண்ணுக்கு கிரீம் பையும் பிடிக்க வரும்.

தேன்குழல் அச்சுபோல் வட்டக் கண் உடையது ஒரு வகை. சிறு கண் 3-ஆம் எண், பெயர் எழுதவும் புள்ளி வைக்கவும்; பெரிய கண் 2ஏ, வழவழப்பான குவியலுக்கு. முள்முறுக்கு அச்சுபோல் நட்சத்திரக் கண் உடையது 1எம். கப் கேக்கின் மேல் சுற்றிச் சுற்றி எழுப்பும் சுருள் இதில்தான் வருகிறது. ரிப்பன் அச்சுபோல் நீளக் கண், ஒருமுனை அகன்று மறுமுனை ஒடுங்கியது 104, ரோஜா இதழுக்கு. ஓமப்பொடி அச்சுபோல் பல சிறு கண் உடையது 233; புல், முடி போன்ற வேலைக்கு. இலைக்கு 352.

1எம், 2ஏ, 2டி போன்ற எண்கள், 1929-இல் சிக்காகோவில் தொடங்கிய வில்டன் நிறுவனத்தின் வரிசையில் வருபவை. இப்போது பல தயாரிப்பாளர்கள் அதே எண்களைப் போடுகிறார்கள். ஒரே எண்ணிலும் கண்ணின் அளவு சற்று மாறலாம். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல், கண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

நமது வெயிலுக்கு எது?

வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். சித்திரை வைகாசியில் நமது ஊரில் பகல் வெப்பம் அதைத் தாண்டுகிறது. போதாததற்குப் பிழியும் கையின் சூடும் சேர்கிறது. நெருங்கிய பல் உடைய 2டி அச்சில் பிழிந்த பூ, கிரீம் இளகினால் கோடு தெரியாமல் மழுங்கிவிடும். பல் அகன்ற 1எம் பிழியல் சற்று இளகினாலும் உருவம் நிற்கும். புதிதாகக் கற்பவர் 50 நாசில் கொண்ட பெட்டியைக் கேட்டால், விற்பனைதானே என்று கொடுத்துவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை கிடப்பில்தான் இருக்கும். 1எம், 2ஏ, 3 மூன்றையும் ஒரு பையோடு கொடுங்கள். வேலை நன்றாக வந்தால் 104-க்கு அவரே வருவார்.

சிறு நாசிலுக்குக் கப்ளர் என்னும் திருகு வளையம் வேண்டும். அதை வைத்தால் பையை மாற்றாமல் நாசிலை மாற்றலாம். 1எம் போன்ற பெரிய நாசில் சாதாரணக் கப்ளரில் நுழையாது, நேரே பைக்குள் போகும். 12 அங்குலத்துக்குக் குறையாத பை கொடுக்க வேண்டும். பையின் முனையைச் சிறிதாக வெட்டி, நாசிலின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெளியே தெரிய வைக்கச் சொல்லுங்கள். அதிகம் வெட்டினால் பிழியும்போது நாசிலே கிரீமோடு வந்து விழும்.

நாசிலின் தரம்

இணைப்புக் கோடு இல்லாத எவர்சில்வர் நாசில் நல்லது. இணைப்பு உடையதில் நாளடைவில் கோடு பிரிந்து, பக்கவாட்டில் கிரீம் கசியும், அழுக்கும் தங்கும். கண்ணுக்குள் சிறிது பஞ்சை விட்டு இழுத்துப் பாருங்கள். இழை மாட்டினால் பிசிறு இருக்கிறது; பூவின் ஓரம் கிழியும். துரு பிடிக்குமா என்றறிய, மாதிரிக்கு ஒன்றை உப்பு நீரில் ஓரிரவு ஊறவைத்தால் போதும். காந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கொண்ட 304 ரக எவர்சில்வரும், அழுத்தி வடிவம் கொடுத்தபின் லேசாகக் காந்தத்தில் ஒட்டும்.

கடையில் வைக்கும் முறை

காகிதம் வாடையை இழுக்கும். பெருங்காயம், கற்பூரம், ஊதுபத்தி, சோப்பு இவற்றின் பக்கத்தில் கப்பை அடுக்காதீர்கள். மூடியுள்ள டப்பாவில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். பிரித்து விற்றால் எண்ணும் கை உலர்ந்திருக்க வேண்டும். செய்தித்தாளில் மடித்துக் கொடுக்காதீர்கள். அச்சு மை கப்பின் உட்புறம் ஒட்டும். உணவைச் செய்தித்தாளில் பொதிவதை 2018-ஆம் ஆண்டு உணவுப் பொதி விதிகளே தடை செய்திருக்கின்றன.

தொடக்கத்துக்கு நடுத்தர மடிப்புக் கப், தானே நிற்கும் கெட்டிக் கப் ஆகிய இரண்டு ரகமும், மேலே சொன்ன மூன்று நாசிலும், பையும், கப்ளரும் போதும். கார்ட்டூன் படம் போட்ட கப், தங்க நிறக் கப் எல்லாம் கேட்டு வந்தபின் வரவழைக்கலாம். முதல் முடங்காது. பண்டிகைக்கு முன், சிறப்பாக மார்கழியில் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு இரண்டு வாரம் முன்பே சரக்கு கடையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு புதுக் கட்டிலும் ஒரு கப்பைச் சோதித்த பிறகே விற்க வேண்டும். சென்ற முறை நன்றாக இருந்தது என்பது இந்த முறைக்குச் சாட்சியாகாது.

நமது ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் உலகறிந்தவை. அதில் ஏரி வாரியம், தோட்ட வாரியத்தோடு பொன் வாரியமும் சொல்லப்படுகிறது. பொன்னைக் கவனிக்கத் தனி வாரியம் வைத்த ஊர் இது. காகிதக் கப்புக்கு வாரியம் வேண்டாம். கடைக்காரரின் கண்ணும் ஒரு கரண்டி எண்ணெயும் போதும்.

முன்சொன்ன அம்மா இப்போது மீண்டும் நமது கடைக்கு வருகிறார். புதுக் கட்டு வாங்கும்போதெல்லாம், "எண்ணெய் ஊற்றிப் பார்த்தீங்களா ஐயா?" என்று கேட்காமல் காசை எடுப்பதில்லை. அவர் கேட்பது நியாயம்தான்.