தேங்காய் நாரைச் சிமென்ட் தின்னுமா?



தேங்காய் நார் எவ்வளவு கெட்டின்னு நமக்குத் தெரியும். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கயிறு அதுதான். நனைந்தாலும் சீக்கிரம் மக்காது. ஆனால் அதே நாரைச் சிமென்டில் கலந்தால் நாளாக ஆகப் பலம் இழந்துவிடுகிறது. ஏன்? தடுக்க வழி உண்டா? பார்ப்போம்.

நாரை ஏன் கலக்க வேண்டும்?

சிமென்ட் அழுத்தினால் தாங்கும். வளைத்தால் பட்டென்று உடையும். மண் சுவருக்கு வைக்கோல் போட்டு மிதிக்கிறோமே, அதுபோல நார் இருந்தால் விரிசல் பெரிதாகாமல் இழுத்துப் பிடிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டில் இந்த வேலையைச் செய்வது கல்நார். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிரேசில் உச்ச நீதிமன்றம் 2017-இல் அதற்குத் தடை விதித்தது. எங்க வீட்டுக் கூரையும் அந்த சீட்டுதான். எங்க அம்மா வேலை பார்ப்பது நார் மில்லில். அந்த நாரே கூரைக்கு உதவுமா என்று தெரிந்துகொள்ளத்தான் இதைப் படித்தேன்.

நார் கெடுவது எப்படி?

சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றுச் சுண்ணாம்பு, உண்டாகிறது. சிமென்டின் துளைகளில் உள்ள நீரின் pH 12-க்கு மேல். சிமென்ட் தண்ணீரில் மஞ்சள்தூள் போட்டால் ஆரத்தி மாதிரி சிவப்பாகும். அது காரத்தின் அடையாளம்.

1. ஒரு நார் என்பது பல சிறு செல்களின் கட்டு. அவற்றை ஒட்டிவைக்கும் பசை லிக்னின். காரம் அதைக் கரைக்கிறது. 1983-இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் கிராம் இதை விளக்கினார்.
2. சுண்ணாம்பு நாரின் உள்துளைகளில் புகுந்து படிகமாகிறது. நார் வளையாமல் முறிகிறது.
3. மழையில் நார் உப்பும், வெயிலில் சுருங்கும். சிமென்டின் பிடி விட்டுப்போகும்.

டொலேடோ ஃபில்ஹோ குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், pH 12 உள்ள சுண்ணாம்பு நீரில் 300 நாள் கிடந்த தேங்காய் நாரும் கற்றாழை இன நாரும் பலம் முழுவதையும் இழந்தன!

காப்பாற்றும் வழிகள்

1. சாம்பல் கலப்பது: உமியைப் பக்குவமான சூட்டில் எரித்து நன்றாக அரைத்த சாம்பலில் சிலிக்கா அதிகம். அது சுண்ணாம்போடு சேர்ந்து, அதையே ஒட்டும் பொருளாக மாற்றிவிடும். அனல்மின் நிலையச் சாம்பலும் இப்படித்தான். ஆனால் ஒரு பிடி போட்டால் போதாது. சுண்ணாம்பு தீரும் அளவுக்கு வேண்டும்.
2. நாரை வெந்நீரில் அலசுவது: சிமென்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும் சர்க்கரையும் சாயமும் போய்விடும்.
3. பலமுறை நனைத்துக் காயவைப்பது: பிறகு நார் குறைவாகவே தண்ணீர் குடிக்கும், உப்புவதும் குறையும்.
4. நுண்ணிய சிலிக்கா கரைசலில் நாரை முக்கி எடுப்பது.

இதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: குறை நாரிடம் இல்லை, மிஞ்சிய சுண்ணாம்பிடம் இருக்கிறது. அதனால் நாரை மட்டும் பக்குவம் செய்தால் போதாது, சிமென்டையும் மாற்ற வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரு பாட்டிலில் சுண்ணாம்புத் தெளிநீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். இரண்டிலும் பத்துப் பத்து நார் போட்டு இறுக மூடுங்கள். மாதம் ஒருமுறை ஒரு நாரை எடுத்து, டம்ளரைக் கட்டித் தொங்கவிட்டு, அறும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். எவ்வளவு தாங்கியது என்று எழுதி வையுங்கள். சுண்ணாம்பு நீர் கண்ணில் படக்கூடாது, ஜாக்கிரதை!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி