குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள்

இரவில் பால் குடித்த குழந்தை தூங்குகிறது. காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. காலையில் பார்த்தால் உயிர் இல்லை. எங்கோ ஒரு வீட்டில் இப்படி நடந்துவிடுகிறது. சோதித்துப் பார்த்தும் காரணம் தெரிவதில்லை. இதைத் 'திடீர்க் குழந்தை இறப்பு' என்பார்கள்.

ஊரார் என்ன சொல்கிறார்கள்? கண் பட்டது என்கிறார்கள். பெற்றவள் கவனிக்கவில்லை என்றும் பழி போடுகிறார்கள். இது தவறு. பிள்ளையை இழந்தவளுக்கு ஆறுதல்தான் தேவை.

ஒரு வயதுக்குள் இப்படி நேரலாம். இரண்டு முதல் நான்கு மாதம் வரை ஆபத்து அதிகம். குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் கூடுதல் கவனம் வேண்டும்.

குப்புறத் தூங்குவது பெரிய ஆபத்து. ஒருக்களித்துப் படுக்க வைத்தாலும் குழந்தை குப்புறச் சரிந்துவிடும். முன்பு மேல்நாட்டு மருத்துவர்களே குப்புறப் போடச் சொன்னார்கள். பிறகு தவறு தெரிந்தது. இங்கிலாந்தில் 1991-இல் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்று நாடு முழுவதும் சொன்னார்கள். சில ஆண்டுகளில் இந்த இறப்பு பாதிக்கு மேல் குறைந்தது.

நம் ஊர்களிலும் இதைச் செய்யலாம். சித்தூர் மாவட்டம் வெதுருகுப்பம் பக்கத்துக் கிராமங்களில் ஆஷா பணியாளர் உண்டு. குழந்தை பிறந்தால் வீடு தேடி வருவார். பாட்டிமார் அவரிடம் சந்தேகம் கேட்கலாம்.

"ஏம்மா, மல்லாக்கப் போட்டால் கக்கின பால் மூச்சில் ஏறாதா?"

"ஏறாது பாட்டி. மல்லாந்து படுத்தால் மூச்சுக்குழல் மேலே இருக்கும். உணவுக்குழல் கீழே இருக்கும். கக்கின பாலைக் குழந்தை விழுங்கிவிடும்."

நாம் செய்ய வேண்டியவை:

1. பகலிலும் இரவிலும் மல்லாக்கவே தூங்க வையுங்கள்.

2. தலையணை, பஞ்சு மெத்தை வேண்டாம். சமமான தரையில் பாய் போதும். தூளியில் தூங்கிவிட்டால் எடுத்துப் பாயில் கிடத்துங்கள்.

3. தலையையும் முகத்தையும் மூடாதீர்கள். வெயில் காலத்தில் துணியால் இறுகச் சுற்றாதீர்கள்.

4. கர்ப்பிணி அருகிலும் குழந்தை அருகிலும் பீடி, சுருட்டு பிடிக்கக் கூடாது.

5. தாய்க்குப் பக்கத்திலேயே, தனிப் பாயில் படுக்க வையுங்கள். குடித்தவர் அருகில் படுக்கவே கூடாது.

6. தாய்ப்பால் கொடுங்கள். தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள்.

விழித்திருக்கும்போது கண் எதிரில் சற்று நேரம் குப்புறப் போடலாம். கழுத்து பலப்படும்.

இவற்றைச் செய்தால் ஆபத்து முழுவதும் நீங்காது. ஆனால் மிகவும் குறையும். இதற்குப் பணம் வேண்டாம். வீட்டார் எல்லாரும் சேர்ந்து கவனித்தால் போதும்.

விடை கூறுங்கள்:

1. குழந்தையை எப்படித் தூங்க வைக்க வேண்டும்? ஏன்?

2. உங்கள் வீட்டில் எதை மாற்ற வேண்டும்?