தீவை வாங்கிய கிராம மக்கள்

சுற்றுலா என்பது இயற்கை எழிலைக் கண்டு களித்துத் திரும்புவது மட்டுமன்று. சில இடங்கள் ஊராட்சி உறுப்பினர்களுக்குப் பாடசாலையாகவும் அமைகின்றன. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள எக் தீவு அத்தகையது. வழிகாட்டியின் பின்னே நாமும் சற்று நடந்து பார்ப்போம்.

தீவின் பரப்பு சுமார் 31 சதுர கிலோமீட்டர். படகு நெருங்கும்போதே 393 மீட்டர் உயரமுள்ள அன் ஸ்கூர் என்னும் கரும்பாறை முகடு கண்ணில் படுகிறது. பண்டைக் காலத்து எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகியதே இப்பாறை. மேற்குக் கரையில் உலர்ந்த மணலை மிதித்தால் கீச்சென்று ஒலி எழும். வெளியூர்ப் பயணிகள் மோட்டார் வண்டி கொண்டுவருவதில்லை. பெரும்பாலும் நடந்தோ மிதிவண்டியிலோ சுற்றுகின்றனர்.

இத்தீவு நெடுங்காலம் தனியார் ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சொந்தமாயிருந்தது. குடியிருப்போருக்கு நிலையான குத்தகை உரிமை இல்லை. எப்போது வெளியேற நேருமோ என்ற அச்சத்தில் வீட்டைச் செப்பனிட எவர் முன்வருவர்? 1997-இல் அங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 65 பேரே. அவர்கள் வட்டார மன்றத்துடனும் வனவிலங்கு அறக்கட்டளையுடனும் கூடி, பெரும்பாலும் நன்கொடைகளைத் திரட்டி, 15 இலட்சம் பவுனுக்குத் தீவையே வாங்கினர். மறு ஆண்டே படகுத்துறையில் கடையும் சிற்றுண்டிச் சாலையும் கொண்ட கட்டடம் எழுந்தது. பயணிகள் வருகை ஊராருக்குப் பிழைப்பாயிற்று.

நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது மின்சார ஏற்பாடு. முன்னர் வீட்டுக்கு வீடு டீசல் இயந்திரம் ஓடியது. 2008-இல் நீர், காற்று, சூரிய ஒளி ஆகிய மூன்றையும் இணைத்துச் சொந்த மின்னமைப்பை நிறுவினர். அளவோ குறைவு. ஆகவே வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட், தொழிலகத்துக்கு 10 கிலோவாட் என வரம்பு வகுத்தனர். வரம்பு மீறினால் அவ்வீட்டு மின்சாரம் தானே நின்றுவிடும். வசதி படைத்தவருக்கும் அதே அளவுதான். மிகுதியான மின்சாரம் பொதுக் கட்டடங்களுக்கு வெப்பமளிக்கப் பயன்படுகிறது.

முறை வைத்து ஏரிநீர் பாய்ச்சும் நம் விவசாயிகளுக்கு இக்கருத்து புதிதன்று. பொதுச் சொத்து நிலைப்பதற்கு மூன்று வேண்டும்: உரிமை ஊராரிடம் இருத்தல், அளவு முன்கூட்டியே வகுக்கப்படுதல், விதி அனைவருக்கும் ஒன்றாயிருத்தல். நம் ஊர்ப் பொதுச் சொத்துக்களில் இம்மூன்றில் எது குறைகிறது என்பதை அடுத்த கிராம சபையில் உறுப்பினர்கள் ஆராய்வார்களாக.