வழி மாமூலும் சரக்கின் அடக்க விலையும்

லஞ்சம் என்றதும் நமக்கு அலுவலக மேசைதான் நினைவுக்கு வருகிறது. ஏழை நாடுகளின் முன்னேற்றத்தை அது எப்படி அரிக்கிறது என்று வணிகர்களாகிய நாம் அறிய வேண்டுமானால், லாரி ஓடும் சாலையைப் பார்ப்பது நல்லது. லாரி வாடகையைக் கூட்டித்தானே நாம் அடக்க விலை போடுகிறோம்!

இந்தோனேசியாவின் சுமத்திரா தீவில் வடகோடியில் இருப்பது ஆச்சே மாநிலம். பண்டா ஆச்சே, மெலாபோ ஆகிய ஊர்களுக்கும் மேடான் நகருக்கும் இடையே லாரிப் போக்குவரத்து அதிகம். (தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் ஊர் மேடான்.) 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் சீரழிந்த ஆச்சே மீண்டும் எழுவதற்கு இந்தச் சாலைகளே கைகொடுத்தன. ஆனால் நெடுங்காலம் உள்நாட்டுச் சண்டை நடந்த பகுதி அது. வழியெங்கும் போலீஸ், ராணுவச் செக்போஸ்ட்டுகள்.

பெஞ்சமின் ஓல்கன், பாட்ரிக் பாரன் என்ற இரு ஆய்வாளர்கள், 2005 நவம்பர் முதல் 2006 ஜூலை வரை இந்த லாரிகளில் ஆட்களை ஏற்றி அனுப்பினார்கள். ஒவ்வொரு கொடுப்பையும் அங்கேயே குறித்துக்கொள்வது அவர்கள் வேலை. 304 நடைகளில் 6,000-க்கு மேற்பட்ட கொடுப்புகள் பதிவாயின. சராசரியாக ஒரு நடைக்கு 20 இடங்களில் கைநீட்டல்! ஓரிடத்தில் சில்லறை ரூபாய், இன்னோரிடத்தில் ஒரு பாக்கெட் சிகரெட். துப்பாக்கி வெளியே தெரிந்த இடத்தில் சற்றுக் கூடுதல். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தபோது நடைச் செலவில் 13 சதவீதம் வந்தது. டிரைவருக்கும் உதவியாளுக்கும் கொடுத்த கூலியோ 10 சதவீதம்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2005 ஆகஸ்டில் சமாதான உடன்பாடு கையெழுத்தானது. அதன்படி 30,000-க்கு மேற்பட்ட ராணுவத்தினரும் போலீசாரும் ஆச்சேயிலிருந்து திரும்பினர். செக்போஸ்ட்டுகள் குறைந்தன. மாமூலும் அதே அளவு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையவில்லை. எல்லைக்கு அப்பால், வட சுமத்திராப் பகுதியில் எஞ்சியிருந்த செக்போஸ்ட்டுகள் தங்கள் ‘ரேட்டை’ உயர்த்திக்கொண்டன. முன்னால் நிற்பவன் வாங்காமல் விட்டது லாரிக்காரரிடம் மிச்சம் இருக்கிறது என்று பின்னால் நிற்பவனுக்குத் தெரிந்துவிடுகிறது. மொத்தச் சுமை இறங்கியது உண்மை. ஆனால் லாபத்தில் ஒரு பங்கு மிச்சமிருந்த கைகளுக்குப் போய்விட்டது.

“வரியும்தான் கட்டுகிறோம், இதுவும் ஒரு வரி என்று நினைத்துக்கொள்வோம்” என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. அது சரியான கணக்கு அல்ல. வரி இவ்வளவு என்று முன்னதாகவே தெரியும், ரசீது உண்டு, விலையில் சேர்க்கலாம். மாமூல் எத்தனை பேருக்கு, எவ்வளவு என்பது சரக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும். ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டுத் தொழில் நிறுவனங்களை 1990-களில் ஆராய்ந்த ஃபிஸ்மன், ஸ்வென்சன் இருவரும், நிறுவனத்தின் வளர்ச்சியை வரி கெடுப்பதைப்போல லஞ்சம் ஏறத்தாழ மூன்று மடங்கு கெடுக்கிறது என்று கண்டார்கள்.

இனி எடை மேடைக்கு வருவோம். இங்கேதான் வணிகர் தரப்பும் பேசப்பட வேண்டும். செக்போஸ்ட்டில் நாம் பறிகொடுப்பவர்கள். எடை மேடையில் அப்படி அல்ல. அளவுக்கு மீறி ஏற்றிய லாரி பணம் கொடுத்துவிட்டுப் போகிறது. வாங்கியவருக்கும் லாபம், ஏற்றியவருக்கும் லாபம். மேடான் பாதையில் இதற்கென முன்கூட்டியே தேதியிட்ட சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் ஏற்பாடுகூட இருந்தது. சீசன் டிக்கெட் மாதிரி!

நஷ்டம் சாலைக்கு. ஓர் அச்சின் மேல் ஏறும் பாரம் இரண்டு மடங்கானால் சாலையின் சேதம் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை. சுமார் பதினாறு மடங்காகிறது என்பது சாலைப் பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. ஒன்றரை மடங்கு ஏற்றினாலே சேதம் ஐந்து மடங்கு. பத்தாண்டு தாங்க வேண்டிய சாலை இரண்டே ஆண்டில் பல்லிளிக்கிறது. பிறகு லாரி மெதுவாகப் போகும், டயர் வெடிக்கும், ஸ்பிரிங் பட்டை உடையும், அழுகும் சரக்கு வழியிலேயே அழுகும். கூடுதலாக ஏற்றிய மூட்டைகளில் மிச்சம் பிடித்த வாடகை, அடுத்த ஆண்டு வாடகை உயர்வாக அதே வணிகரிடம் வந்து சேர்கிறது. அளவோடு ஏற்றியவரும் சேர்ந்து அதைக் கட்டுகிறார்.